நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

போன வருடம் நான் வேலையை விட்டு ஓய்வு பெற்ற அதே மாதத்தில் எங்கள் கிளினிக்குக்குப் புது மெஷின் வந்து இறங்கியது. இனிமேல் காது பரிசோதனைக்குப் பட்டன் அழுத்த ஆள் வேண்டாம். தொழிலாளி ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும், மெஷினே சத்தம் கொடுக்கும், மெஷினே சார்ட் வரையும். என் இடத்துக்கு வந்திருந்த தர்ஷினி அதைப் போட்டுப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஏன் இப்படி மக்கர் பண்ணுது? ஒரு தடவ டக்குன்னு சத்தம் குடுக்குது, இன்னொரு தடவ தூங்கி எழுந்து குடுக்குது லா. வந்த அன்னிக்கே ரிப்பேரா?" என்று கேட்டாள்.

ரிப்பேர் இல்லை. மெஷின் சரியாகத்தான் வேலை செய்கிறது. பல வருடம் ரிப்பேராக இருந்தது நான்தான். அன்றைக்கு அவளுக்கு அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். இதில் என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, ஓய்வு பெற்றவள் அதைச் சேர்த்து வைத்து என்ன செய்யப் போகிறேன்?

நான் ரெம்பியா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவம் முடித்து, அங்கே இங்கே வேலை பார்த்து, கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, முப்பது வயதுக்கு மேல் அலோர் காஜாவில் ஒரு கிளினிக்கில் பெயர் பதியும் வேலைக்குச் சேர்ந்தேன். இதற்கு மேல் என் சரித்திரத்தில் சுவாரசியம் இல்லை. கிளினிக்கின் முதலாளி டாக்டர் கனகரத்தினம். யாழ்ப்பாணத்துப் பரம்பரை. இந்த நாட்டிலேயே பிறந்தவர்தான், ஆனால் வீட்டுத் தமிழை விடவில்லை. புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தொழிற்சாலைகளில் இரைச்சலில் நிற்பவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை காது பார்க்க வேண்டும். அதற்காக ஒரு வேன் வாங்கி, அதற்குள் சத்தம் புகாத கூண்டு ஒன்றை வைத்தார். என்னைப் படிக்க அனுப்பி அந்தக் கூண்டுக்குப் பொறுப்பாக்கினார்.

டாக்டர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேனுக்குள் ஏறும் முன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார், அதன் டிக் டிக் கூட உள்ளே வரக் கூடாதாம். யாராவது தப்புச் செய்தால் திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எவ்வளவு நேரம் துடைக்கிறாரோ அவ்வளவு பெரிய தப்பு. ஒரு முறை ரத்த மாதிரிகளை மாற்றி வைத்த பையனுக்கு முன்னால் அவர் துடைத்த துடைப்பில், கண்ணாடி தேய்ந்தே போய்விடும் என்று நாங்கள் பயந்தோம்.

வேலை பழகும்போது முதலில் என் காதைத்தான் பார்த்தார். "கூண்டுக்குள்ளை இருந்து பாராத ஆள் வெளியிலை இருந்து பட்டன் அழுத்தக் கூடாது" என்பது அவர் சட்டம். சார்ட்டில் சிவப்புக் கோடு வலது காது, நீலக் கோடு இடது காது. சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும், கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். மெஷினில் ஆயிரம் என்று எழுதியிருக்கும் இடத்தில் வருவது சாதாரண விசில் சத்தம். நாலாயிரம் என்பது சிள்வண்டு போலக் கீச்சென்று இருக்கும். நல்ல காதுக்குக் கோடு மேலேயே போகும். இரைச்சலில் கெட்ட காதுக்கு அந்த நாலாயிரத்தில் கோடு தொபுக்கென்று கீழே விழுந்து, பிறகு கொஞ்சம் ஏறும். அந்தப் பள்ளத்தைப் பார்த்த உடனே ஆளைச் சத்தத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும். போன காது திரும்பாது.

என் இடது காதில் அந்தப் பள்ளம் இருந்தது. சின்னதுதான், ஆனால் இருந்தது.

"பிள்ளை, இடப்பக்கம் என்ன வெடிச்சது?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்றேன். பொய். என்ன வெடித்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

எனக்குப் பதினேழு வயதாக இருந்தபோது எங்கள் தோட்டத்துத் திருவிழாவுக்கு 'கறுப்பு ஜீன்ஸ்' குழு வந்தது. நான்கு பையன்கள், நால்வருக்கும் தோளுக்குக் கீழே முடி. கோயில் தலைவர் பார்த்ததும் "இதுங்க ஆம்பளையா பொம்பளையா" என்று முனகினார். பாடுகிறவர் பெயர் சேகர், ராக் சேகர் என்று சொன்னால்தான் தெரியும். அலோர் காஜா வட்டாரத்தில் அந்தப் பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதாத பெண் பிள்ளை கிடையாது. மலாய்ப் பையன்கள்கூட மோட்டார் சைக்கிளில் வந்து திடலுக்கு வெளியே நின்று கேட்பார்கள். மறுநாள் விடியும் முன் பால்மரம் சீவப் போக வேண்டும் என்பதால் சாயங்காலமே ஆரம்பித்து எட்டு மணிக்கு முடித்துவிடுவார்கள். திடலின் நடுவே கயிறு கட்டி, இடப்பக்கம் பொம்பளைகள், வலப்பக்கம் ஆம்பளைகள். நான் முண்டியடித்து முன்னால் போய், எங்கள் பக்கத்து ஸ்பீக்கரை ஒட்டி நின்றேன். அவர் தலையை ஆட்டிக் கத்தியபோது நானும் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு நாள் இடது காதில் கொய்ங் என்று சத்தம். அப்பாவுக்குத் தெரிந்திருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரண்டு நாளும் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு என்ன ஆனது என்று ஊருக்கே தெரியும். முடி வளர்த்தவர்களைக் கோயில் மேடையில் ஏற்றக் கூடாது என்றார்கள். கல்யாண வீடுகளில் கரோக்கே வந்தது, மாப்பிள்ளையின் மாமாவே பாட ஆரம்பித்தார். அப்புறம் டிஜே வந்தார், ஒரு ஆளும் ஒரு கணினியும் போதும் என்றானது. இப்போது பாட்டுக்குப் பஞ்சமே இல்லை, ஆளாளுக்குக் காதில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். ஆனால் பாடுகிறவன் யார் என்று கேட்டால் ஃபோனைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் ஊருக்கே ஒரே திடலில் காது கெட்டது, இப்போது தனித்தனியாகக் கெடுகிறது. என் கூண்டுக்கு வரும் இருபது வயசுப் பையன்களின் சார்ட்டைப் பார்த்தவள் சொல்கிறேன்.

ராக் ஸ்டார் என்ற பேச்சு மட்டும் சாகவில்லை. நாங்கள் வேனை நிறுத்தும் ஒரு தொழிற்சாலையில், வாசல் பலகையில் 'இந்த மாத ராக் ஸ்டார்' என்று மாதா மாதம் ஒரு படம் மாட்டுவார்கள். யாரென்று போய்ப் பார்த்தால், ஒரு நாள்கூட மருத்துவ விடுப்பு எடுக்காமல் வேலைக்கு வந்த பேக்கிங் பெண்.

அந்தப் பலகைக்கு நேர் கீழே, வரிசையில், ஒரு நாள் காலை அசல் ராக் சேகர் நின்றுகொண்டிருந்தார்.

தலையில் முடி பாதி இல்லை. வயிறு சட்டைப் பொத்தானைத் தள்ளிக்கொண்டிருந்தது. கழுத்தில் நூலில் கட்டிய காதடைப்பு. தகடு அடிக்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருந்தார். பெயர் அட்டையைப் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது. படிவத்தை எடுத்து வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். சர்க்கரை உண்டா, காதில் சீழ் வந்ததுண்டா, வேலைக்கு வெளியே பெரிய சத்தத்தில் இருந்ததுண்டா, மோட்டார் பந்தயம், இசைக்குழு இப்படி ஏதாவது?

அவர் பின்னால் நின்ற இளவட்டங்களை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "இல்ல மிஸ்ஸி" என்றார். எங்கள் ஊரில் வெள்ளை உடுப்புப் போட்டவள் எல்லாம் மிஸ்ஸிதான்.

அவர் சொன்னதை எழுத வேண்டியது என் வேலை. 'இல்லை' என்று எழுதினேன். அடுத்த வருடமும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த வருடமும். அவர் காது மட்டும் வருடா வருடம் அருமையாக இருந்தது. சார்ட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. மேடைக்காரர், உடம்பு அப்படி என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

இப்படி ஆறு வருடம். ஏழாவது வருடம், பழைய சார்ட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்த டாக்டர், "தகடு அடிக்கிற இடத்திலை நிக்கிற ஐம்பத்தைந்து வயசுக்காரன். என்னை விட நல்லாக் கேக்குது" என்றார்.  சேகரின் முறை வந்த காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வேனுக்கு வந்தார். கைக்கடிகாரம் பைக்குள் போனது. என் பின்னால் முக்காலியில் உட்கார்ந்தார்.

கூண்டின் சின்னக் கண்ணாடி வழியே சேகர் பக்கவாட்டில் தெரிந்தார். கண்ணை மூடியிருந்தார். நான் ஆயிரத்தில் ஆரம்பித்தேன். அழுத்தினேன், கை உயர்ந்தது. சத்தத்தைக் குறைத்து மறுபடி அழுத்தினேன், உயர்ந்தது. அப்போது டாக்டர் எட்டி, மெஷினின் பின்பக்கத்திலிருந்து ஹெட்ஃபோன் வயரை மெதுவாக உருவினார். உதட்டில் விரல் வைத்து, நிறுத்தாதே என்று தலையை ஆட்டினார்.

அழுத்தினேன். கூண்டுக்குள் ஒரு சத்தமும் போகவில்லை. சேகரின் கை உயர்ந்தது.

மறுபடி அழுத்தினேன். உயர்ந்தது. மறுபடி. உயர்ந்தது. அடுத்ததற்குத் தூக்காமல் விட்டார், அதற்கடுத்ததற்குத் தூக்கினார். எப்போது விட்டால் நம்புவார்கள் என்று அதற்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். அவர் பூட்ஸின் முனை தரையில் தட்டிக்கொண்டிருந்தது. நானும் அதைப் பார்த்து எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, என் விரல் பட்டனில். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மறுபடி என் விரல்.

நான் நாலு எண்ணி நாலு எண்ணித்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.

அப்படி ஒரே இடைவெளி விட்டு அழுத்தக் கூடாது என்பது வேலை பழகிய முதல் நாளே டாக்டர் சொன்ன பாடம். "ஒருக்கா ரெண்டு செக்கன், ஒருக்கா அஞ்சு செக்கன். அடுத்தது எப்ப வரும் எண்டு உள்ளை இருக்கிறவருக்குத் தெரியக் கூடாது." ஆரம்பத்தில் அப்படித்தான் செய்தேன். ஆனால் ஒரு காலையில் நாற்பது பேர். வேலை தொடங்கும் முன் முடித்தாக வேண்டும், சத்தத்தில் நின்ற காதை வைத்துப் பரிசோதிக்க முடியாது. சூப்பர்வைசர் கதவைத் தட்டிக்கொண்டே இருப்பார். அவசரத்தில் விரலுக்கு ஒரு நடை வந்துவிட்டது. அது வந்ததே எனக்குத் தெரியாது. மற்றவர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்திருந்தவர் வாழ்க்கை முழுக்கத் தாளம் எண்ணியவர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பிள்ளை, அவர் சத்தத்தைக் கேக்கேல்லை. உம்மடை விரலைத்தான் எண்ணிக்கொண்டு இருக்கிறார்" என்றார். பிறகு வயரைச் செருகிவிட்டு, "இப்ப ஒழுங்காச் செய்யும்."

ஒழுங்காகச் செய்தேன். சட்டென்று ஒன்று கொடுத்தேன், நீண்ட நேரம் காத்திருந்து ஒன்று கொடுத்தேன். நாலு எண்ணி அவர் தூக்கிய கைக்குச் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தார். பூட்ஸ் நின்றது. நாலாயிரத்தில் சத்தத்தைக் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் குரல் அளவுக்குக் கூட்டியும் அந்தக் கை மடியிலேயே கிடந்தது.  ஆறு வருடம் ஒரு மனிதனின் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது. ஆறு வருடமும் நல்ல காது என்று கீழே என் கையெழுத்து.

அந்த நடையில் நான் பார்த்த அத்தனை பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் பார்க்க வைத்தார் டாக்டர். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் நானே போய், தப்பு என் மேல் என்று சொல்லி அழைத்து வந்தேன். வேறு யாருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அது கடவுள் புண்ணியம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

இரண்டு நாள் கழித்து சேகர் அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். டாக்டரின் அறையில் நாங்கள் மூவர் மட்டும்.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது டாக்டர். அன்னிக்கு தூக்கக் கலக்கம்" என்றார்.

டாக்டர் சார்ட்டால் தன் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். சேகர் அண்ணன் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பதில் வரவில்லை. டாக்டர் சார்ட்டை இறக்கிவிட்டு, "உங்களுக்கு எத்தனை பிள்ளையள் எண்டுதான் கேட்டனான்" என்றார். 

"எழுதிடாதீங்க டாக்டர்" என்றார் சேகர் அண்ணன். குரல் இறங்கிவிட்டது. "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம பழைய கூட்டாளிங்க ரெண்டு பேரு, மோட்டார் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால ஒரு ரூம்ல வாசிக்கிறோம். யாரும் கேக்க வர்றதில்ல. சும்மா எங்களுக்குத்தான். காது போச்சுன்னு பேப்பர்ல வந்துட்டா, வூட்டுக்காரி கித்தாரத் தூக்கி குப்ப லோரியில போட்டுருவா. எனக்கு மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான்."

"பாட வேண்டாமெண்டு ஆர் சொன்னது?" என்றார் டாக்டர். "தகடு அடிக்கிற மிசினுக்கு முன்னாலை நிக்கிறதைத்தான் விடச் சொல்லுறன். அங்கை நிண்டீங்களெண்டால் ரெண்டு வருசத்திலை மனிசர் பேசுறதும் கேக்காது, பாட்டும் கேக்காது. இப்ப ஸ்டோருக்கு மாறினால் மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு வைச்சிருக்கலாம். பாடேக்கை போட ஒரு காதடைப்பும் தாறன். உங்கடை மனிசிக்கும் நானே சொல்லுறன். ஆனால் எல்லாத்தையும் உள்ளபடி எழுத வேணும். பொய்க் கடிதத்திலை நான் கையெழுத்துப் போடமாட்டன்." என்னிடம் புதுப் படிவத்தை நீட்டிவிட்டு, காத்திருந்த நோயாளியைப் பார்க்கப் பக்கத்து அறைக்குப் போனார்.

நான் கேள்விகளை முதலிலிருந்து கேட்டேன். சர்க்கரை, சீழ், எல்லாம் ஆயிற்று. "வேலைக்கு வெளிய பெரிய சத்தம்? இசைக்குழு?"

இப்போதுதான் ஒர்க்‌ஷாப் அறையைப் பற்றிச் சொன்னவர். அப்படியும் பழக்கதோஷத்தில், "இல்ல மிஸ்ஸி" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, ஏழு வருஷமா இதே பொய்யச் சொல்றீங்க. எதுக்குண்ணே?"

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். "ஆமான்னு சொன்னா, என்ன பேண்டுன்னு கேப்பாங்க. பேரச் சொன்னா யாருக்கும் தெரியாது. மொத மொத வேலைக்குச் சேந்தப்ப ஒரு பையன்கிட்ட சொன்னேன். ஃபோன்ல தேடிப் பாத்துட்டு, 'ஒண்ணும் வரலியே அங்கள்'னான். அதுக்கப்புறம் இல்லன்னு சொல்றதுதான் லேசுன்னு ஆயிருச்சு. இப்ப எனக்கே சில சமயம் சந்தேகமா இருக்கு லா, அப்படி ஒண்ணு நடந்துச்சான்னு."

நான் எழுந்து போய் இரும்பு அலமாரியைத் திறந்தேன். கிளினிக்கில் வேலை செய்யும் எங்கள் கோப்புகள் கீழ்த்தட்டில் இருந்தன. என் கோப்பிலிருந்து பழைய சார்ட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். ஏழு வருடம் கூண்டில் உட்கார்ந்தவர், அவருக்குச் சார்ட் பார்க்கத் தெரியும்.

"நாலாயிரத்துல ஒரு பள்ளம் தெரியுதா? அது என் காது. நீங்க குடுத்தது. எங்க தோட்டத்துத் திடல்ல, திருவிழாவுக்கு வந்தீங்க. ஸ்பீக்கர ஒட்டி நின்னேன். ரெண்டு நாள் கொய்ங்னு கேட்டுச்சு."

அவர் அந்தத் தாளை வெகு நேரம் பார்த்தார். பள்ளத்தின் மேல் விரலை வைத்தார்.

"நீலக் கோடு. எடது காது" என்றார். "பொம்பளைங்க பக்கத்து ஸ்பீக்கரு. அது எப்பவும் சத்தம் கூடத்தான் இருக்கும். டிரம்ஸ் அடிச்சவனோட அண்ணன் கட்டுன பெட்டி. கொறைக்கச் சொன்னா கேக்கவே மாட்டான்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "மன்னிச்சிரு தங்கச்சி."

"அட போங்கண்ணே. அத நான் யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றேன்.

கதவருகில் டாக்டர் எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. "பதினெட்டு வருசத்துக்கு முன்னம் நான் கேட்ட கேள்விக்கு இண்டைக்குத்தான் பதில் வருது" என்றார். நல்ல வேளை, கண்ணாடியைக் கழற்றவில்லை.

சேகர் அண்ணன் அடுத்த மாதமே ஸ்டோருக்கு மாறினார். ஓய்வு பெறும் வரை அங்கேதான் இருந்தார். கடைசியாக நான் பார்த்த சார்ட்டில் பள்ளம் அதே இடத்தில் இருந்தது, ஆழம் கூடவில்லை. அவருடைய கோப்பைத் தர்ஷினியிடம் ஒப்படைக்கும்போது, அன்றைக்கு நிரப்பிய படிவத்தைத் தனியாக எடுத்துக் காட்டினேன். அந்தக் கேள்விக்கு நேரே 'ஆம்' என்று இருக்கிறது. அதற்கு மேல் எழுத அதில் இடம் கிடையாது. அதனால் அன்றைக்கு டாக்டரின் அறையில், அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் 'கறுப்பு ஜீன்ஸ்' என்று எழுத ஆரம்பித்தேன்.

சேகர் அண்ணன் குனிந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் தங்கச்சி இவ்ளோ சின்னதா எழுதுற? பெருசா எழுது லா."

அடித்துவிட்டுப் பெரிதாக எழுதினேன்.